இடது கன்னத்து அதிரசம்

அதிரசம் உள்ளே போய்விட்டது. சம்பந்தி கனகவல்லியின் தடித்த விரல்கள் மூன்றும் அதைப் பிட்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு சீனியம்மாளின் பல்வரிசையைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தன. பிட்டாள் என்று பேர்தான், பாதிக்கு மேல் உள்ளே. நாக்கு அதைத் தொட்டதும் நெருப்பைத் தொட்டதுபோல் பின்னால் ஓடி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தள்ளு, இடது பக்கம் தள்ளு, வலது பக்கம் வீடியோக்காரன் நிற்கிறான், கன்னம் உப்பினால் தெரியும். தள்ளியாயிற்று. மென்றுவிடாதே. பல் கிட்டேயே போகக் கூடாது. நாற்பத்தெட்டு வயதுக்கு ஒரு சொத்தை கிடையாது, பல் முகாமுக்கு வந்த டாக்டர் தன்னோடு வந்த படிக்கிற பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு வாய்க்குள் டார்ச் அடித்துக் காட்டினார், இப்பேர்ப்பட்ட பல்லுக்கு அதிரசத்தைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியுமா, அதற்கு இனிப்பு எது காரம் எது என்று என்ன தெரியும். கல்கண்டு தருவார்கள் என்றுதானே நினைத்தாள். கல்கண்டு என்றால் விரலிடுக்கில் மறைத்து முந்தானையில் முடிந்துகொள்ளலாம், நேற்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தாள், இரண்டாம் தடவையே சரியாக வந்துவிட்டது. அதிரசம் என்று யார் சொன்னார்கள். இது மாப்பிள்ளை வீட்டு வழக்கமாம். நிச்சய ஓலை வாசிக்கும் முன் இரண்டு தாயும் ஒருத்திக்கு ஒருத்தி ஊட்ட வேண்டுமாம், வாசித்து முடிகிற வரை வலது கையைக் கோத்துக்கொண்டு உட்கார வேண்டுமாம், எழுந்தால் ஆகாதாம், கடைசியில் இருவரும் வாயைத் திறந்து சம்மதம் சொன்ன பிறகுதான் தட்டு மாற்றுவார்களாம். அவள் வீட்டு வழக்கத்தில் இதெல்லாம் கிடையாது, தட்டை மாற்றினோமா சோற்றைத் தின்றோமா என்று போய்விடுவார்கள். அவளுடைய வலது கை கனகவல்லியின் கைக்குள் கிடந்தது. இடது கை மடியில் இருந்த தாம்பாளத்தைப் பிடித்திருந்தது. அதில் தேங்காயும் பட்டும் பழமும் மலைபோல் இருந்தன, விட்டால் சரிந்துவிடும். இரண்டு கையும் இல்லாதவள் வாயில் இருப்பதை எப்படி எடுப்பது.

எதிரே மாப்பிள்ளையின் பெரியப்பா தவசிமுத்து ஓலையைப் பிரித்தார். ஓலை என்றால் ஓலையா, மஞ்சள் தடவிய தாள். கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். கழற்றி மறுபடியும் துடைத்தார். துடைக்கத்தான் வேண்டும், யார் வேண்டாம் என்றது, வீட்டிலேயே துடைத்துக்கொண்டு வந்திருக்கக் கூடாதா. "நிகழும் மங்களகரமான…" என்று ஆரம்பித்து வருஷத்தின் பேரில் நின்றுகொண்டார். பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார். "தெரியும்யா, தெரிஞ்சுதான் நிறுத்துறேன், எல்லார் காதுலயும் விழணும்ல," என்றார் பெரியப்பா. சீனியம்மாள் மூக்கால் மூச்சு விட்டாள். நெல்லிக்காய் அளவுக்கு எச்சில் ஊறியிருந்தது, அதை விழுங்கலாமா கூடாதா. விழுங்கினால் வெல்லப்பாகும் கூடவே போகும். விழுங்காவிட்டால் வழியும். பச்சைப் பட்டு, மகளே தேடி எடுத்துக் கொடுத்தது, ரவிக்கையில் மயில் வேறு வைத்துத் தைத்திருக்கிறது, மயில்மேல் எச்சில் வழிந்தால் நன்றாகவா இருக்கும். கணவர் சுந்தரராசு ஆண்கள் வரிசையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். காலையில் வேனில் ஏறும்போது காதோரம் சொன்னதுதான். "இந்தா, தாலி ஏறுற வரைக்கும் அந்த ஈரல் பேச்சை எடுக்கப்படாது. பரம்பரை வியாதின்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சுன்னா அப்படியே வேனைத் திருப்பிருவாங்க. புரியுதா?" புரிந்தது. புரிந்துதான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவு சொன்னபடி கேட்கிற பெண்டாட்டியை அவர் எந்த ஊரிலும் பார்த்திருக்க மாட்டார்.

கனகவல்லி கையை அமுக்கினாள். குனிந்து, "நல்லாருக்கா மதினி? நானே கையால சுட்டது. பாகுப் பதம் எப்படி?" என்றாள். "ம்ம்," என்றாள் சீனியம்மாள். தலையையும் ஆட்டினாள். ஆட்டியதில் அதிரசம் ஒரு புரள் புரண்டு ஒரு இழை நழுவி அடிநாக்கில் இறங்கியது. ஐயையோ. தொண்டை தானாக மூடிக்கொண்டது, வயிறு ஒரு தடவை எம்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தது. பொறு, ஈரல் என்று ஒன்று இருக்கிறதே வலது விலாவுக்குக் கீழே, அதற்கு இன்னும் சேதி போயிருக்காது, போவதற்குள் இந்த மனுஷன் வாசித்து முடித்துவிடுவார். எங்கே முடிப்பது, இன்னும் ஊர்ப்பேரே வரவில்லை. அதிரசத்தில் ஏலக்காய் போட்டிருக்கிறாள். சுக்கும் போட்டிருக்கிறாள் போல. வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, வாசனை என்ன பாவம் செய்தது. உலகத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் இதற்கு அடித்துக்கொள்கிறார்களே, அவர்கள் நாக்கில் இது என்னவாக இருக்கும். அவளுக்கு இது இனிப்பே இல்லை, வாந்திக்கு முந்தின வாசல்.

பிறந்த அன்றைக்கு ஆரம்பித்தது இது. தாய்மாமன் வந்து சீனித்தண்ணீரைத் துணியில் நனைத்து நாக்கில் தொட்டு வைத்தாராம், சேனை வைப்பது, மாமன் குணம் வரட்டும் என்று. அவள் அதை அவர் சட்டையிலேயே திருப்பிக் கொடுத்தாளாம். அப்போதே தெரிந்துகொண்டிருக்க வேண்டாமா. அவர்கள் என்ன செய்தார்கள், குலசாமிக்குக் குறை வைத்துவிட்டோம் என்று சொல்லி, சீனியம்மாள் என்றே பேரை வைத்தார்கள். எதைக் கக்கினாளோ அதுவே பேர். தவழும் வயதில் மயங்கி மயங்கி விழுவாளாம். பழம் ஊட்டினால் விழுவாள், பாயசம் ஊட்டினால் விழுவாள். விழுந்த பிள்ளைக்கு என்ன செய்வார்கள், வாயைப் பிளந்து சீனித்தண்ணீர் ஊற்றுவார்கள். அது இன்னும் விழும். இன்னும் ஊற்றுவார்கள். அம்மா ஊற்றி, பக்கத்து வீட்டுக்காரி ஊற்றி, தெருவே ஊற்றி, எல்லாரும் கை ஓய்ந்து உட்கார்ந்த பிறகு அதுவாக எழுந்து உட்காருமாம். "எங்க கைராசிதான் உன்னைப் பிழைக்க வச்சது" என்று பக்கத்து வீட்டுக்காரி சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் மட்டும் என்ன. ஆகஸ்டு பதினைந்துக்குக் கொடியேற்றிவிட்டு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள், எல்லாப் பிள்ளைகளும் கையில் வாங்கிக்கொண்டன, இவள் முறை வந்தபோது மட்டும் அந்தப் பெரிய அதிகாரிக்குப் பாசம் பொங்கிவிட்டது, "பேர் என்னம்மா? சீனியம்மாளா! சீனிக்கே மிட்டாயா!" என்று தானே உரித்து வாயில் போட்டார். வெள்ளை வேட்டி அவருக்கு. மறுநாள் முதல் அவளுக்குப் பேர் கொடியேற்றம். பெஞ்சில் உட்கார்ந்தால் கொடியேற்றம், தண்ணீர் குடிக்கப் போனால் கொடியேற்றம், ஆறாம் வகுப்பு முடியவில்லை, போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டவள்தான். ஒரு மிட்டாயில் போன படிப்பு. அந்த மிட்டாய் கொடுக்காமல் இருந்திருந்தால் டீச்சராகியிருப்பாளோ என்னவோ. ஆகியிருக்க மாட்டாள், கணக்கு வராது.

"அருப்புக்கோட்டை நகரில் வசிக்கும்…" என்று வாசித்துவிட்டுப் பெரியப்பா இருமினார். அருப்புக்கோட்டை வந்துவிட்டது, நல்லது, இனி பேர், அப்பா பேர், தாத்தா பேர். அவர் ஒவ்வொரு தாத்தாவுக்கும் ஒரு கதை வைத்திருக்கிற ஆள் போலத் தெரிகிறது. அதிரசம் ஓரத்தில் கரைய ஆரம்பித்துவிட்டது. கல்லுமாதிரி சுட்டிருக்கக் கூடாதா இந்தக் கனகவல்லி, பதம் பார்த்து மெத்துமெத்தென்று சுட்டிருக்கிறாள், கெட்டிக்காரி, இவளிடம் போய் நம் பிள்ளை எப்படிக் காலம் தள்ளப் போகிறாள். சுபாஷிணி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். குனிந்த தலைக்குள்ளிருந்து கண் மட்டும் மேலே வந்து அம்மாவின் கன்னத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டாள். மகளுக்குத் தெரியாதா, பரு வந்தாலே கண்டுபிடிக்கிறவள். கண்ணாலேயே என்னம்மா என்றாள். ஒன்றுமில்லை என்று சீனியம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். இந்தப் பிள்ளை எல்லா இனிப்பும் தின்னும், அப்பாவோடு போட்டி போட்டுத் தின்னும், அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு குளிரும். கண் பட்டுவிடுமே என்று மறுபக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவள் கல்யாணத்திலும் இப்படித்தான், இதைவிட மோசம். தாலி கட்டிய கையோடு பாலும் பழமும் கொடுத்தார்கள். பழத்தைச் சீனியில் பிசைந்து பாலில் போட்டு மாமியார் ஒரு கரண்டி, நாத்தனார் ஒரு கரண்டி, யாரோ பெரிய பாட்டி நடுங்குகிற கையால் ஒரு கரண்டி. மணவறையை விட்டு இறங்கவில்லை, குடம் குடமாக வாந்தி. கல்யாணத்தன்றே வாந்தி எடுக்கிற பெண்ணை என்னவென்று நினைப்பார்கள். மாமியார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தன் தங்கையைப் பார்த்தாள், தங்கை விரல் விட்டு மாசத்தை எண்ணினாள். மூன்று மாதம் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிறு வரவில்லை என்றதும் நிம்மதியாகிவிடவில்லை, அடுத்த நாளிலிருந்து ஏன் வரவில்லை என்று ஆரம்பித்தார்கள். சுந்தரராசு மட்டும்தான் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு என்ன, எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் அவள் இலை ஜாங்கிரி அவர் இலைக்கு, அவள் டம்ளர் பாயசம் அவருக்கு, தீபாவளிக்கு அவள் பங்கு மொத்தமும் அவருக்கு. "உன்னைக் கட்டினதுல எனக்கு ரெட்டை இலை" என்று சிரிப்பார். இந்தத் தொப்பையில் பாதி அவளுடையதுதான். மற்றவர்கள் அப்படி விடுவார்களா. பிரசாதத்தை வேண்டாம் என்கிறாள், சாமியைவிடப் பெரிய ஆளா. பிள்ளை பாஸானதுக்கு லட்டு கொடுத்தால் வாங்கிக் கீழே வைக்கிறாள், பொறாமை. கிரகப்பிரவேசத்தில் கேசரியைத் தொடவில்லை, வயித்தெரிச்சல். ஊரில் ஒரு வீட்டில் நல்லது நடந்தால் அவளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். இழவு வீட்டுக்குப் போவதென்றால் நிம்மதி, அங்கே யாரும் வாயில் எதையும் திணிக்க மாட்டார்கள்.

கனகவல்லியின் மோதிரம் விரலில் அழுத்தியது. வலித்தாலும் நல்லதுதான், வயிற்றை மறக்கலாம். நெற்றியில் வேர்ப்பது போலிருந்தது. பயமா, இல்லை அந்த இழை போய்ச் சேர்ந்துவிட்டதா. போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று மதுரை டாக்டர் விளக்கியிருந்தாரே. சின்ன வயசு டாக்டர், முழங்கால் வலிக்காகப் போன வருஷம் முழுக்கத் தின்ற லேகியத்தில்தான் அவரிடம் போக நேர்ந்தது. நாத்தனார் வாங்கி வந்த லேகியம், தேனும் வெல்லமும் போட்டுக் கிண்டியது, மருந்து என்றால் குமட்டத்தானே செய்யும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தினமும் சுண்டைக்காய் அளவு. முழங்கால் அப்படியே இருந்தது, ஈரல் வீங்கிவிட்டது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் முதலில் சுந்தரராசுவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தி, "அம்மா குடிப்பாங்களா?" என்றார். சுந்தரராசுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சந்தேகப்பட்டார் மனுஷன், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி அவளைத் திரும்பிப் பார்த்தார், அந்த ஒரு நொடியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு டாக்டர் என்ன தின்பீர்கள், என்ன தின்ன மாட்டீர்கள் என்று கேட்கக் கேட்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது, பேனாவைக் கீழே வைத்துவிட்டார், ரத்தம் எடுத்து எங்கேயோ பெரிய ஊருக்கு அனுப்பினார்கள். அது வந்த பிறகு சொன்னார். சீனி, வெல்லம், தேன், பழம் இதிலெல்லாம் ஒரு வகை இனிப்பு இருக்கிறதாம். அது ஈரலுக்குப் போனால் அதை உடைத்து அனுப்ப ஒரு என்சைம் வேண்டுமாம், அது அவளுக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லையாம். "ஒரு வேலையாள் மாதிரின்னு வச்சுக்கோங்கம்மா, அவன் வேலைக்கே வரல." அது போதும், மற்றதை அவளே புரிந்துகொண்டாள். கல்யாணச் சமையல்கட்டுதான் ஈரல். காய் நறுக்குகிறவன் வந்துவிட்டான், நறுக்கி நறுக்கிப் போடுகிறான், அடுப்பில் ஏற்றுகிறவன் வரவில்லை. நறுக்கின காய் வாசல் வரை குவிந்துகிடக்கிறது, உக்கிராண அறைக்குள் மூட்டை மூட்டையாகச் சரக்கு இருந்தும் ஒருத்தராலும் வெளியே கொண்டுவர முடியவில்லை, வழி அடைத்துவிட்டது. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்கள் பசியில் மயங்கி விழுகிறார்கள். அதுதான் மயக்கம். இனிப்பைத் தின்றால் ரத்தத்தில் சர்க்கரை இறங்குமாம், இது எந்த ஊர் நியாயம். குவியக் குவியச் சமையல்கட்டும் நாறிப் போகும், அதுதான் வீக்கம், விட்டால் காமாலை, அதற்குமேல் அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "பயப்படாதீங்க, இனிப்பை விட்டா ஈரல் தானா தேறிடும். நீங்க திங்காததாலதான் இத்தனை நாள் நல்லா இருந்தீங்க. உங்க நாக்கு எங்களைவிடப் புத்திசாலி," என்றார் டாக்டர்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது அவளுக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது. வியாதி! திமிர் இல்லை, பொறாமை இல்லை, சாமிக் குற்றம் இல்லை, சுத்தமான வியாதி, பேரோடு, முத்திரை குத்தின காகிதத்தோடு. மாமியார் இருந்தால் காகிதத்தை முகத்துக்கு நேரே நீட்டியிருப்பாள். வேட்டி அதிகாரி எங்கே இருக்கிறாரோ. தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது, மைக் கட்டினாலும் தப்பில்லை. அதற்குள் பஸ்ஸ்டாண்டிலேயே சுந்தரராசு, "பரம்பரைன்னு சொன்னாரே, கேட்டியா? பொண்ணுக்கு ஜாதகம் எடுத்திருக்கோம், நாக்கை அடக்கு," என்று அதற்கும் ஒரு மூடி போட்டுவிட்டார். பரம்பரைதான். சொந்தத்தில் கல்யாணமா என்று டாக்டர் கேட்டார். அம்மா கட்டியது தன் சொந்தத் தாய்மாமனை, அதனால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சண்டை போடக்கூட வழியில்லை, எல்லாம் ஒரே பக்கம். அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி, இரண்டு பாதியும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தால் இப்படி. ஒரே பிள்ளையிடமா. அவளுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான், வைரவன் என்று பேர், முகம் தெரியாது, அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டான். காமாலை கண்டு போனான் என்பார்கள். வயிறு உப்பி, கண் மஞ்சளாகி. தினமும் தேன் தொட்டு வைத்தார்களாம், புஷ்டிக்கு. அம்மா அவனைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "உன்னை மாதிரி இல்லடி அவன். நல்ல பிள்ளை. குடுத்ததை எல்லாம் குடிப்பான்."

குடுத்ததை எல்லாம் குடிப்பான். இப்போது எதற்கு இந்த நினைப்பு. நல்ல காரியத்தில் உட்கார்ந்துகொண்டு. தள்ளு, அதையும் இடது பக்கம் தள்ளு. பெரியப்பா முகூர்த்த நாளுக்கு வந்துவிட்டார், இன்னும் கொஞ்சம்தான். முடிந்ததும் கை கழுவுகிற இடத்துக்கு ஓடிவிடலாம், வாயைக் கொப்பளித்து, ஒரு வாய் மோர் குடித்து. பிறகு கல்யாணம். கல்யாணத்தில் பால்பழம் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும்தான், நமக்கு இல்லை, ஆனால் இந்தக் கனகவல்லி விடுவாளா, ஊட்டுகிற கை அது, தெரிந்துவிட்டது. மறுவீட்டுக்கு ஊட்டுவாள், தலைப்பொங்கலுக்கு ஊட்டுவாள், வளைகாப்புக்கு ஊட்டுவாள். சாகிற வரை அவள் வருகிற நல்ல நாளில் எல்லாம் ஒரு கன்னம் உப்பித்தான் இருக்கும். இருக்கட்டும், பழகிவிடும், ஒரு கன்னம் போனால் என்ன. "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி, மக்கட்பேறும்…" என்று பெரியப்பா குரலை உயர்த்தினார். மக்கட்பேறு. பிள்ளை பிறக்கும். பிறந்தால் முதலில் யார் கையில் வாங்குவார்கள், இதோ இந்தக் கைதான். சேனை வைப்பது யார், இதோ இந்தத் தடித்த மூன்று விரல்தான், சீனித்தண்ணீரில் தோய்த்து. சுபாஷிணியிடம் பாதி உண்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார், உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குப் பாதி வந்தே தீரும், அந்தப் பாதி ஒன்றும் செய்யாது, ஆனால் கட்டுகிறவனிடமும் அதே பாதி இருந்தால். இருக்காதும்மா, எங்கேயாவது ஒருத்தருக்குத்தான் இருக்கும், ஒரு ரத்தம் பார்த்துக்கொண்டால் போச்சு என்றார். எங்கேயாவது ஒருத்தர். எங்கேயாவது ஒருத்தி என்றுதானே அவளும் இருக்கிறாள். பிள்ளை மயங்கும். வாயைப் பிளந்து ஊற்றுவார்கள். யாருக்கும் தெரியாது, தெரிந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பாள், தாலி ஏறட்டும் என்று, பிறகு வளைகாப்பு முடியட்டும் என்று, பிறகு இந்த ஊட்டுகிற நாள் நல்லபடியாகப் போகட்டும் என்று. அவள் மாதிரிக் கக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் சரி. வைரவன் மாதிரி நல்ல பிள்ளையாக இருந்தால்?

"பொண்ணைப் பெத்த தாயார் சம்மதம் சொல்லணும்," என்றார் பெரியப்பா. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வீடியோக்காரன் விளக்கை அவள் முகத்துக்குத் திருப்பினான். "சொல்லுங்க மதினி," என்றாள் கனகவல்லி. சுந்தரராசு சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டினார். சீனியம்மாள் சொல்லப் பார்த்தாள், ம் என்றுதான் வந்தது. "வாயைத் திறந்து சத்தமாச் சொல்லணும்மா, நாலு பேர் கேட்கணும்ல," என்றார் பெரியப்பா. விழுங்கினால் சொல்லிவிடலாம். ஒரே ஒரு விழுங்கு. வாய் காலியாகும், சம்மதம் என்று சொல்லலாம், தட்டு மாறும், எல்லாரும் சிரிப்பார்கள். தொண்டையைத் திறந்தாள். தொண்டை திறக்கவில்லை. அதற்குப் பிறந்த நாளிலிருந்து தெரிந்தது ஒன்றுதான்.

வலது கையைக் கனகவல்லியின் பிடியிலிருந்து வெடுக்கென்று உருவினாள். மோதிரம் தோலைக் கீறியது. உள்ளங்கையை வாய்க்கடியில் பிடித்து, அத்தனை வெளிச்சத்திலும் அத்தனை பேர் முன்னாலும் அதிரசத்தைத் துப்பினாள். அது பொத்தென்று கையில் விழுந்தது. ஆண்கள் வரிசையிலிருந்து, "ஏ, இந்தா…" என்று காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அதிரசத்துல குறை ஒண்ணும் இல்ல மதினி," என்றாள் சீனியம்மாள். முதலில் அதைத்தான் சொல்லத் தோன்றியது. "எனக்குத்தான் இனிப்பு ஆகாது. பிறவியிலேயே. ஈரல்ல ஒரு சத்து இல்ல, தின்னா வாந்தி, மயக்கம், ஈரலே கெட்டுப்போகும். பரம்பரையா வர்றது. எங்க அண்ணன் ஒருத்தன் இதுலதான் போயிருக்கணும்னு நினைக்கிறேன், யாருக்கும் அப்பத் தெரியல."

கனகவல்லி அந்தக் கையையே பார்த்தாள். பின்னாலிருந்த அவள் தங்கை, "அடி ஆத்தீ, பரம்பரைங்கிறாளே!" என்றாள்.

"நீ சும்மா இருடீ," என்றாள் கனகவல்லி திரும்பாமல். "பொண்ணுக்கு?"

"பொண்ணுக்குப் பாதிதான். அது ஒண்ணும் செய்யாது, வண்டி வண்டியாத் திம்பா, அவங்க அப்பாவைக் கேளுங்க. மாப்பிள்ளைகிட்டயும் அதே பாதி இருந்தாத்தான் பிறக்குற பிள்ளைக்கு வரலாம். ரத்தம் பார்த்தாத் தெரிஞ்சுரும். பார்க்காம நீங்க சேனை வச்சிரக் கூடாது. அதுக்குத்தான் சொல்றேன். இப்ப நீங்க சம்மதம் சொல்லுங்க, இல்லேன்னாலும் சொல்லிருங்க."

"இதை எத்தனை நாளா வச்சிருந்தீங்க?"

"வியாதியவா, அதிரசத்தவா?"

யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். சுபாஷிணி தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். கனகவல்லி சிரிக்கவில்லை. மகனைத் திரும்பிப் பார்த்தாள், "ஏலே, நாளைக்கே போய் ரத்தம் குடு," என்றாள். அவன் சரிம்மா என்றான். பிறகு அவள் தன் முந்தானையை எடுத்துச் சீனியம்மாளின் உள்ளங்கையில் இருந்ததை வழித்தாள். துடைக்கத் துடைக்கப் போகாத வெல்லத்தைத் தேய்த்துக்கொண்டே, "தட்டு மாத்துறதுக்கு முன்னாடி சொன்னீங்க. மாத்தின பிறகு எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் என்ன ஆட்டம் ஆடியிருப்பேன் தெரியுமா?" என்றாள்.

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள் சீனியம்மாள்.

"யார் சொன்னா?"

"எல்லாரும்."

கனகவல்லி கையைத் துடைத்து முடித்தாள். பெரியப்பா இரண்டு சம்பந்திகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓலையில் இதற்கு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். கனகவல்லி கேட்டாள்: "அப்ப கல்யாணப் பந்தியில உங்க இலைக்கு என்ன வைக்கச் சொல்ல?"

சீனியம்மாளுக்கு அதுவரை ஓடிக்கொண்டே இருந்த நினைப்பு அப்படியே நின்றுவிட்டது. ஏன் தின்னமாட்டேங்கிற என்று கேட்டிருக்கிறார்கள். தின்னுதான் பாரேன் என்றிருக்கிறார்கள். உனக்கு என்ன வைக்க என்று எந்தப் பந்தியிலும் ஒருத்தரும் கேட்டதில்லை. பதில் வைத்திருக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

"அப்பளம்," என்றாள்.

கனகவல்லி இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தாள். இன்னும் கேட்கலாம் போலிருக்கிறதே என்று பட்டது.

"வடையும்," என்றாள் சீனியம்மாள்.